கம்பம் மெட்டுக்குக் கீழ இருந்து: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்ல நீங்க யாருண்ணே, எல்லாத்துக்கும் கருத்து சொல்றீங்க?

தேனி மாவட்டத்துல, கேரளா எல்லையை ஒட்டின கம்பத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். பாதி கஸ்டமர் இங்கிட்டு கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர்காரங்க, மீதி பேரு அங்கிட்டு கேரளா பக்கம் குமுளி, வண்டன்மேட்டுல இருந்து மலை மெட்டு இறங்கி வர்ற ஏலத்தோட்டத்துக்காரங்க. லேப்டாப்பை டேபிள்ல வச்சிட்டு அது ஆன் ஆகுற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியாம கேக்க ஆரம்பிச்சிருவாங்க, டவர் பக்கத்துல இடம் வாங்கலாமா, முல்லைப் பெரியாறு டேம் உடைஞ்சிருமா, நியூட்ரினோ வந்தா நமக்கெல்லாம் கேன்சர் வருமா, வோட்டு மெஷினை ஹேக் பண்ணலாமான்னு. எனக்கும் வாய் சும்மா இருக்காது. படிச்சது பி.எஸ்ஸி பிசிக்ஸ், பிடிச்சது ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான் நம்ம தகுதி. ஒரு விஷயத்தை நம்பலாமா வேணாமான்னு பாக்க நான் கேக்குறது ஒண்ணுதான்: யாரு அளந்தா, எதை வச்சு அளந்தா, அந்த நம்பரை நானும் பாக்க முடியுமா. இதுக்குப் பதில் வரலேன்னா சொன்னவரு மந்திரியா இருந்தாலும் சரி விஞ்ஞானியா இருந்தாலும் சரி, கொஞ்சம் பொறுங்கய்யான்னுதான் சொல்லுவேன்.

விண்டோஸ் 10 செத்துப்போச்சாமே, என் லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுறவா?

சாகல. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட இலவச பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திட்டாங்க, லேப்டாப் பாட்டுக்கு ஓடும். வீட்டு உபயோகத்துக்கு வச்சிருக்கவங்க பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் வரைக்கும் அப்டேட் நீட்டிச்சுத் தர்றாங்க, நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல் பிராசசர்னா எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும்னு ஒரு கோடு கிழிச்சு வச்சிருக்காங்க, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிற மெஷின் எல்லாம் வேலை செய்யாத மெஷின் கிடையாது. நல்லா ஓடுற ஐ5 ஆறாவது தலைமுறையைக் கொண்டுவந்து, அண்ணே இதை எக்ஸ்சேஞ்ச்ல போட்டா என்ன தருவாங்கன்னு கேக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

நான் சொல்றது இதுதான். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா கழட்டிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்க, ரேம் 4 ஜிபின்னா 8 ஆக்குங்க, விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போடுங்க. ஹார்ட் டிஸ்க்னா உள்ள தட்டு சுத்தணும், அது மேல ஒரு முள்ளு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி ஓடி டேட்டாவைத் தேடணும், ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வர்ற கதை எல்லாம் அதனாலதான். எஸ்எஸ்டில ஓடுற பாகமே கிடையாது. பிராசசர் ஸ்லோன்னு நினைச்சு லேப்டாப்பை மாத்துனவங்க முக்காவாசிப் பேருக்கு நெஜமான கோளாறு அந்தத் தட்டுலதான் இருந்துச்சு. ஆனா கணக்கு எழுதுற டாலி வேணும், பேங்க் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேணும், ஜிஎஸ்டி ஆடிட்டர் அனுப்புற எக்செல் மேக்ரோ அப்படியே ஓடணும்னா லினக்ஸ் பக்கம் வராதீங்க, அப்புறம் என்னையத்தான் திட்டுவீங்க.

லினக்ஸ் போட்டா பிள்ளைக படிப்பு கெட்டுப்போகாதா?

மெட்டு ஏறிப் போய் குமுளி பள்ளிக்கூடத்துல பாருங்கக்கா. கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடம் முழுக்க லினக்ஸ்தான், ஐடி அட் ஸ்கூல்னு 2001 வாக்குல ஆரம்பிச்சு இப்ப கைட்னு பேரு மாறியிருக்கு. கணக்குக்கு ஜியோஜீப்ரா, படம் வரைய ஜிம்ப், எல்லாமே இலவச சாஃப்ட்வேர். இடுக்கில தமிழ் மீடியத்துல படிக்கிற நம்ம பிள்ளைகளும் அதுலதான் படிக்குது, ஒண்ணும் கெட்டுப்போகல. இந்தப் பக்கமும் 2011-ல இருந்து குடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்த்துதான் போட்டுக் குடுத்தாங்க, மத்திய அரசோட சென்னை சி-டாக்ல செஞ்சது. நம்ம ஆளுக முதல் வேலையா அதை அழிச்சிட்டுப் படம் போட எடம் பண்ணிக்கிட்டாய்ங்க. வாத்தியாருக்குப் பழக்கிவிடாம மெஷினை மட்டும் குடுத்தா அப்படித்தான் ஆகும். அங்க வாத்தியாருக்கு முதல்ல ட்ரெயினிங், அப்புறம்தான் பிள்ளைக்குப் பாடம். இந்த ஒரு விஷயத்துல மலையாளத்தான் நம்மளைவிடக் கெட்டி, ஒத்துக்கிட்டாத்தான் என்ன.

குமுளி ஏறும்போது லோயர் கேம்ப் தாண்டினதும் போன் படுத்துருதே, ஏன்?

தமிழ்நாடு ஒரு டெலிகாம் சர்க்கிள், கேரளா வேற சர்க்கிள், கம்பெனி ஒண்ணே ஆனாலும் நெட்வொர்க் நம்பர் வேற. உங்க போன் சொந்த சர்க்கிள் டவரை லேசுல விடாது, கீழ இருந்து வர்ற செத்த சிக்னலைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே இருக்கும், பக்கத்துல குமுளி டவர் முழுசா இருந்தாலும் கண்டுக்காது. ஏரோப்ளேன் மோடுல போட்டு எடுத்தா புதுசாத் தேடும், சரியாயிரும். டேட்டா ரோமிங் ஆஃப்ல இருந்தா டவர் புள்ளி முழுசாத் தெரியும், நெட் மட்டும் வராது, அதையும் ஒரு தடவை பாத்துக்கங்க.

மலைல சார்ஜ் சீக்கிரம் இறங்குதுன்னு சொல்றதும் இதனாலதான். டவர் தூரமா இருந்தா போன் சத்தமாக் கத்தணும், கத்துறதுக்கு பேட்டரி வேணும்.

அலாரம் மாதிரி அடிச்சுக்கிட்டு ஒரு மெசேஜ் வந்துச்சே, அது வைரஸா?

இல்ல. பேரிடர் எச்சரிக்கை, செல் பிராட்காஸ்ட்னு பேரு, 2023-ல நாடு முழுக்க டெஸ்ட் பண்ணாங்க. இது எஸ்எம்எஸ் கிடையாது, உங்க நம்பர் யாருக்கும் தெரிய வேண்டியதே இல்ல, ஒரு டவரு தன்கிட்ட இருக்கிற எல்லா போனுக்கும் ஒரே நேரத்துல கத்துது, அவ்வளவுதான். பார்டர்ல இருக்கிறதால உங்க போன் கேரளா டவர்ல நின்னா அவங்க எச்சரிக்கை உங்களுக்கு வரும், நம்ம டவர்ல நின்னா நம்ம எச்சரிக்கை. தோட்டத்துல வேலை செய்ற நம்ம சனத்துக்கு மலையாளம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது, அப்போ இடுக்கில அனுப்புற எச்சரிக்கை தமிழ்லயும் வர்றதுதான் நியாயம். டெக்னாலஜி அதுக்கு ஒண்ணும் தடை இல்ல, டெக்ஸ்ட் பெட்டில தமிழ்ல அடிச்சா தமிழ்ல போகும்.

வீட்டுப் பக்கத்துல 5ஜி டவர் வருது, குருவி எல்லாம் செத்துருச்சாம், கேஸ் போடலாமா?

போடுங்க, ஆனா ரேடியேஷன்னு போடாதீங்க, தோத்துப் போவீங்க. எக்ஸ்ரே, காமா கதிர் இதெல்லாம் அணுவுல இருந்து எலக்ட்ரானைத் தட்டி விடுற சக்தி உள்ளது, டிஎன்ஏவை உடைக்கும். போன் அலைக்கு அந்தச் சக்தி கிடையாது, அதிகமாப் போனா சூடு பண்ணும். அந்தச் சூடும் வரக் கூடாதுன்னுதான் உலக அளவுல ஒரு வரம்பு வச்சிருக்காங்க, நம்ம நாட்டுல 2012 செப்டம்பர்ல இருந்து டவருக்கு அதுல பத்துல ஒரு பங்குதான் அனுமதி. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் பிரிவு 2011-ல ரேடியோ அலையை 2பி வகைல வச்சாங்கன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு. வச்சாங்க, நெஜம்தான். "ஆதாரம் கொஞ்சமா இருக்கு, தள்ளிவிடவும் முடியல, முடிவாச் சொல்லவும் முடியல"ங்கிறதுதான் அந்த வகைக்கு அர்த்தம். அதைவிடக் கவலைப்படணும்னா காதுல ஒட்டி வச்சிருக்கிற போனைப் பத்திப் படுங்க, டவர் பக்கத்துல இருந்தா உங்க போன் கம்மியாத்தான் கத்தும்.

தரங் சஞ்சார்னு டெலிகாம் துறையோட சைட் இருக்கு, உங்க ஏரியா டவர் விவரம் பாக்கலாம், பணம் கட்டினா வந்து அளந்தும் குடுப்பாங்க. அளந்து பாத்து வரம்பு தாண்டியிருந்தா அப்பக் கேஸ் போடுங்க, நானும் கூட வர்றேன். ஜெனரேட்டர் சத்தம், மொட்டை மாடி தாங்குமா தாங்காதா, வாடகை அக்ரிமெண்ட்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்காம ரேடியேஷனைப் பிடிச்சுத் தொங்குறது வீண்.

கேரளா கேமரா செலான்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, கட்டணுமா?

இது இப்ப வாரா வாரம் வருது, கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

2023 ஜூன்ல இருந்து கேரளா ரோட்டுல 726 கேமரா வச்சு அபராதம் போட ஆரம்பிச்சாங்க. ஹெல்மெட் இல்லேன்னா 500 ரூபாய். டிஎன் நம்பர்னு விடமாட்டாய்ங்க, கட்டப்பனைக்கு பைக்ல மாமனார் வீட்டுக்குப் போயிட்டு வந்தவனுக்கும் வரும். அதனால செலான்னு மெசேஜ் வந்தா நம்ம ஊர்க்காரனுக்கு உடனே பகீர்னு ஆயிருது, போன வாரம்தானே அந்தப் பக்கம் போனோம்னு. இந்த பயத்துலதான் திருட்டுப்பயலுக கை வைக்கிறாய்ங்க.

வர்றது எப்படின்னா, தெரியாத நம்பர், டிபில அரசாங்க சின்னம், உங்க வண்டி நம்பர் கரெக்டா இருக்கும், கீழ "ஆர்டிஓ செலான்"னு ஒரு ஃபைல், ஃபைல் பேரோட கடைசியில ஏபிகேன்னு முடியும். அந்த மூணு எழுத்துதான் விஷயம். ஏபிகேன்னா அது ரசீதும் இல்ல போட்டோவும் இல்ல, ஒரு ஆப். தொட்டா "தெரியாத இடத்துல இருந்து வர்றதை அனுமதிக்கவா"ன்னு போன் கேக்கும், நம்ம ஆளு ஓகே. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேக்கும், அதுக்கும் ஓகே. அதுக்கப்புறம் ஐகான் கூடத் தெரியாம ஒளிஞ்சிரும். உங்களுக்கு வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும், உங்களுக்கு வர்ற போன் காலையும் அவன் நம்பருக்குத் திருப்பி விட்டுருவான். உங்க காண்டாக்ட்ல இருக்கிற எல்லாருக்கும் உங்க பேர்லயே அதே ஃபைல் போகும், சித்தப்பா அனுப்பியிருக்காருன்னு நம்பி அடுத்தவன் தொடுவான்.

அரசாங்கம் செலானை ஆப்பா அனுப்பாது. சந்தேகம்னா பரிவாகன் இ-செலான் சைட்டுக்கு நீங்களாப் போங்க, முகவரி gov.in-னுதான் முடியணும், வண்டி நம்பரும் சேசிஸ் இல்லாட்டி இன்ஜின் நம்பரோட கடைசி எண்களும் போட்டா நெஜமாவே செலான் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும்.

தொட்டு இன்ஸ்டால் பண்ணிட்டீங்கன்னா முதல் வேலையா நெட்டை அணைங்க, ஏரோப்ளேன் மோடு போட்டு வைஃபையும் ஆஃப் பண்ணுங்க. அடுத்தவங்க போன்ல இருந்து பேங்குக்கு அடிச்சு அக்கவுண்டை நிறுத்தச் சொல்லுங்க. பணம் போயிருந்தா 1930-க்கு அடிங்க, அரை மணி நேரத்துல அடிச்சா பணம் இன்னும் ஏதாவது ஒரு அக்கவுண்ட்ல கெடக்கும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா ஏழெட்டு கை மாறியிருக்கும். அப்புறம் போட்டோவைக் காப்பி எடுத்துட்டு போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணணும், ஆப்பை மட்டும் அழிச்சா போதும்னு நினைக்காதீங்க. ரீசெட் முடிஞ்சு நெட்வொர்க் வந்ததும் ஹேஷ் ஹேஷ் 002 ஹேஷ் டயல் பண்ணுங்க, கால் ஃபார்வர்டிங் எல்லாம் கேன்சல் ஆகும், அது போன்ல இல்ல, சிம் கம்பெனி நெட்வொர்க்ல இருக்கிற செட்டிங், ரீசெட்டுக்குப் போகாது.

நியூட்ரினோ வேணுமா வேணாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க.

நம்ம தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துல கட்டப் பாத்த நியூட்ரினோ ஆய்வகத்தைத்தான் கேக்குறாங்க. ஒரே வார்த்தைல முடியாது, இதுலதான் எனக்கு நிறையப் பேச இருக்கு. வைகைத் தண்ணி குடிச்ச எல்லாருக்கும் இதுல ஒரு கருத்து இருக்கு, முக்காவாசி அரைகுறை.

முதல்ல அறிவியல். நியூட்ரினோங்கிறது அணுவைவிடச் சின்னத் துகள், சூரியன்ல இருந்து வருது, வானத்துல காஸ்மிக் கதிர் காத்துல மோதும்போதும் உண்டாகுது. இப்ப நீங்க இதைப் படிக்கும்போது உங்க கட்டைவிரல் நகத்து வழியா ஒரு செகண்டுக்கு 6,000 கோடிக்கு மேல போயிக்கிட்டிருக்கு, ராத்திரியில பூமியைத் துளைச்சுக்கிட்டு கீழ இருந்து வரும். கிட்டத்தட்ட எதையும் தொடாது. தொடாததுதான் விஞ்ஞானிகளுக்குத் தலைவலி, பிடிச்சு ஆராயணும்னா பிரம்மாண்டமா ஒரு பொறி வைக்கணும். பொட்டிப்புரத்துல அம்பரப்பர் மலைக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி அடுக்கி, நடுநடுவுல கண்ணாடி டிடெக்டர் வைக்கிறதுதான் திட்டம். மலை எதுக்குன்னா வேற காஸ்மிக் கதிர் வந்து இரைச்சல் போடாம இருக்க ஒரு கிலோமீட்டருக்கு மேல பாறை கூரையா வேணும். அதனால நியூட்ரினோ வந்து நம்மளைக் கொல்லும், அணுக்கழிவு கொட்டப் போறாங்கங்கிற பேச்செல்லாம் தப்பு. அங்க உண்டாக்குறது ஒண்ணுமே இல்ல, வர்றதைப் பாக்குறது மட்டும்தான்.

சரி அப்ப எதிர்த்தவங்க எல்லாம் முட்டாளா? இல்லவே இல்ல. இதைத்தான் பிசிக்ஸ் படிச்ச என் சேக்காளிக ஒத்துக்க மாட்டேங்கிறாய்ங்க. நியூட்ரினோ ஆபத்தில்ல, ஆனா மலையைக் குடையிறதும் லட்சக்கணக்கான டன் பாறையை எடுக்கிறதும் நியூட்ரினோ கிடையாது, அது வெடிமருந்து, லாரி, தூசி, தண்ணி. அந்த மலை மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கு 5 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, பெரியாறு புலிகள் காப்பகத்துக்கும் மதிகெட்டானுக்கும் நடுவுல விலங்கு நடமாடுற பாதை. இது தெரிஞ்சும் சாதாரணக் கட்டடம் கட்டுறதுக்கு இருக்கிற வகைல போட்டு சுற்றுச்சூழல் அனுமதி வாங்கினாங்க, 2017-ல பசுமைத் தீர்ப்பாயம் இது கெடுபிடி கூட இருக்கிற ஏ வகை, புதுசா விண்ணப்பிங்கன்னு சொல்லிருச்சு. 2018-ல மறுபடி விசேஷக் கேஸ்னு கெடுபிடி கம்மியான பி வகையிலயே அனுமதி குடுத்தாங்க. ஏன் விசேஷம்? ஆடு மாடு மேச்சவன் கேட்டா வேலி, விஞ்ஞானி கேட்டா விசேஷமா? இதுக்கு முன்னாடி நீலகிரி சிங்காராவுல முதுமலை புலிகள் காப்பகம் பக்கம்னு 2009-ல மறுத்தாங்க, அதே காரணம் நம்ம மலைக்கு மட்டும் எப்படி இல்லாமப் போச்சு. கடைசியில 2022-ல தமிழ்நாடு அரசே சுப்ரீம் கோர்ட்ல அனுமதிக்க முடியாதுன்னு சொல்லிருச்சு.

எனக்கு வருத்தம் ரெண்டு பக்கமும். 1965-ல கோலார் தங்க வயல் சுரங்கத்துல காத்து மண்டல நியூட்ரினோவை உலகத்துலயே முதல்ல பாத்த கூட்டத்துல நம்ம ஆளுக இருந்தாங்க, அந்தச் சுரங்கம் மூடினதோட அந்த வேலை போச்சு. அப்புறம் ஜப்பான்காரன் 1998-ல நியூட்ரினோவுக்கு எடை இருக்குன்னு காட்டி 2015-ல நோபல் வாங்கிட்டான். எந்த நியூட்ரினோ எடை கூட, எது கம்மிங்கிறது இன்னும் பாக்கி இருக்கு, நம்ம டிடெக்டரோட முக்கிய வேலையே அதுதான், இப்ப சீனாக்காரன் ஜூனோன்னு ஒண்ணு கட்டி 2025 ஆகஸ்ட்ல டேட்டா எடுக்கவே ஆரம்பிச்சிட்டான். மதுரையில 85 டன்ல ஒரு குட்டி மாடல் ஓடுது, அதோட நிக்குது நம்ம கதை. இவ்வளவு பெரிய வேலையைச் செய்யிறவங்க முதல் நாளே பொட்டிப்புரம் சாவடியில உக்காந்து, எத்தனை லாரி வரும், எவ்வளவு தண்ணி எடுப்போம், அதிர்வு எத்தனை, மீட்டரை நீங்களே வச்சுப் பாத்துக்கங்கன்னு தமிழ்ல சொல்லியிருந்தா இத்தனை வதந்தி வந்திருக்காதுங்கிறது என் எண்ணம். நம்பருக்குப் பதிலா "உலகத்தரம்", "நாட்டுக்குப் பெருமை"ன்னு பேசினாங்க. பெருமையை வச்சு மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியுமா?

முல்லைப் பெரியாறு டேம் உடையிற மாதிரி வீடியோ வந்துச்சே, நெஜமா?

ஏஐ. மழைக்கு மழை வரும். அணையோட ஷட்டர் எங்க இருக்குன்னே தெரியாதவன் செஞ்ச வீடியோ, பாத்த உடனே தெரியுது, தேக்கடிப் பக்கம் போன எவனும் நம்பமாட்டான். ஆனா எர்ணாகுளத்துல இருக்கிறவன் நம்புவான், அவனுக்கு பயம் நெஜம், அதைக் கிண்டல் பண்ணக் கூடாது.

அணை 1895-ல முடிஞ்சது, பென்னிகுவிக் சுண்ணாம்பு சுர்க்கி வச்சுக் கட்டினாரு, கம்பத்துல பாதிப் பேரு வீட்டுல அவரு படம் இருக்கு, எங்க வீட்டுலயும் உண்டு. 1979-க்கு அப்புறம் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி, மேல கான்கிரீட் தொப்பி, உள்ள எஃகு கேபிள், பின்னாடி கான்கிரீட் முட்டுன்னு பலப்படுத்தினாங்க, 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் 142 அடி தேக்கலாம்னு சொல்லிருச்சு. இது எல்லாருக்கும் தெரியும். நான் கேக்குறது வேற. அணையில கசிவுத் தண்ணியை நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு அளக்குறாங்க, அதிர்வு, அழுத்தம் பாக்க கருவி இருக்கு. அந்த நம்பர் அதிகாரிக ஃபைல்ல கெடக்கு. அதை மணிக்கொரு தடவை, தமிழ்லயும் மலையாளத்துலயும் ஒரே பக்கத்துல போட்டா என்ன கெட்டுப்போகுது? செலவுன்னு பாத்தா ஒரு சிம் கார்டும் ஒரு சர்வரும். நீர்மட்டம் மட்டும் சொல்றாங்க, அதை வச்சு அணை எப்படி இருக்குன்னு தெரியாது. அணை கேரளா மண்ணுல, பராமரிப்பு தமிழ்நாடு, நடுவுல 20 வருஷம் அணைக்குக் கரண்டே இல்லாம ஜெனரேட்டர்ல ஓட்டி 2021-லதான் மறுபடி லைன் குடுத்தாங்க. ஒரு கரண்ட் லைனுக்கே இத்தனை வருஷம்னா டேட்டா எப்ப வரும்னு நீங்களே பாத்துக்கங்க. அது வராத வரைக்கும் வீடியோக்காரன் பொழப்பு ஓடும்.

சோலார் போட்டும் கரண்ட் போனா வீடு இருட்டா இருக்கே, ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தல, சொல்லாம விட்டுட்டாங்க. ஆன்-கிரிட்னா ஈபி லைனோட சேத்து மாட்டுறது, லைன்ல கரண்ட் இல்லேன்னா உங்க இன்வெர்ட்டரும் அணைஞ்சிரணும், இல்லேன்னா போஸ்ட் மேல ஏறி வேலை பாக்குற லைன்மேன் உங்க வீட்டுக் கரண்ட்ல செத்துருவாரு. பேட்டரியோட ஹைபிரிட் போட்டா வீட்டுக்கு மட்டும் கரண்ட் வரும், விலை கூட.

மத்திய அரசு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நல்ல வெயில்ல நாளைக்கு நாலு யூனிட் வரைக்கும் குடுக்கும், ஆனா நம்ம பள்ளத்தாக்குல ஜூன் ஜூலைல சாரல் அடிச்சு வானம் மூடிக்கிடக்கும், அந்த ரெண்டு மாசம் எவ்வளவு வரும்னு விக்கிறவன்கிட்டக் கேளுங்க, கோயம்புத்தூர் கணக்கை அப்படியே ஒப்பிச்சா வேற ஆளைப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் கூட ஓடாத வீட்டுக்கு சோலார் தேவையே இல்ல, முதல் 100 யூனிட் ஏற்கனவே இலவசம்.

ஏலக்கா விலையை ஏஐ சொல்லுமா தம்பி?

சொல்லும், கேட்டா எதை வேணாலும் சொல்லும், அதான் பிரச்சனை. கேரளா பக்கம் புத்தடியிலயும் நம்ம பக்கம் போடியிலயும் கம்ப்யூட்டர்லதான் ஏலம் நடக்குது, பழைய விலை எல்லாம் இருக்கு, அதை வச்சு ஒரு கோடு போட யாராலயும் முடியும். ஆனா 2018 வெள்ளத்துல தோட்டம் அழுகிப்போய், அடுத்த வருஷம் மழை ஏமாத்தி, 2019 ஆகஸ்ட்ல கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சே, அதை எந்தக் கோடு சொல்லியிருக்கும்? குவாத்தமாலாவுல விளைச்சல் எப்படி, சவுதிக்காரன் எவ்வளவு வாங்குறான், நம்ம மலைல மழை எப்ப, இதெல்லாம் கேக்காம விலை சொல்ற ஆப்புக்கு மாசச் சந்தா கட்டாதீங்க. சாட்ஜிபிடிய மருந்து அடிக்கிற அளவு கேக்குறதுக்கும் யூஸ் பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன், டப்பாவுல எழுதியிருக்கிறதைப் படிங்கப்பா, அது அச்சுல இருக்கு.

வோட்டு மெஷினை ஹேக் பண்ணலாமா?

இந்தியாவுலயே முதல்ல மெஷின்ல ஓட்டுப் போட்டது நம்ம பக்கத்து மாநிலத்துலதான், 1982-ல பரவூர், 50 பூத். சட்டத்துல மெஷின்னு ஒரு வார்த்தையே இல்லேன்னு தோத்தவரு கேஸ் போட்டு, 1984-ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணி, அந்த 50 பூத்துலயும் மறுபடி தேர்தல் வச்சு, முதல்ல தோத்தவரே ஜெயிச்சாரு. மெஷின் தப்பா எண்ணுச்சுன்னு யாரும் சொல்லல, சட்டம் இல்லாமப் பயன்படுத்தினது தப்புன்னாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை.

மெஷின்ல நெட் கிடையாது, புளூடூத் கிடையாது, தூரத்துல உக்காந்து ஹேக்கிங்கறது சினிமா. ஆனா "முடியவே முடியாது, நம்புங்க"ன்னு சொல்றதும் எனக்கு ஒப்பாது. இப்ப ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு அஞ்சு பூத்துல விவிபேட் சீட்டை, அதாவது ஓட்டுப் போட்டதும் அச்சாகி விழுற சீட்டை எண்ணுறாங்க, 2019-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, 2024-ல நூறு சதவீதம் எண்ணணும்னு கேட்டதைத் தள்ளிட்டாங்க. என் கருத்து, வித்தியாசம் ஒரு லட்சம் ஓட்டுன்னா அஞ்சு பூத்து தாராளம், வித்தியாசம் நூறு ஓட்டுன்னா பத்தாது. ஜெயிச்ச வித்தியாசம் குறையக் குறைய எண்ணுற பூத்தைக் கூட்டணும், அதுக்குக் கணக்கு இருக்கு, புள்ளியியல் படிச்ச எந்தப் பிள்ளையும் போட்டுத் தரும்.

சின்னச் சின்னக் கேள்வி கேக்குறவங்களுக்கு:

*பழைய தமிழ் ஃபைல் திறந்தா பூச்சி பூச்சியாத் தெரியுது.* பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது. கன்வெர்ட்டர் இருக்கு, யூனிகோடுக்கு மாத்திக்கலாம். பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைக்காரங்க தயவு செஞ்சு இனிமேலாவது யூனிகோடுக்கு வாங்கண்ணே.

*யூபிஐல பணம் வர பின் போடணுமா?* வேணாம். போடச் சொன்னா அவன் திருடன்.

*கல்யாண போட்டோ எல்லாம் பென் டிரைவ்ல வச்சிருக்கேன், போதுமா?* போதாது. வேற ஒரு ஹார்ட் டிஸ்க்ல இன்னொரு காப்பி, அதுவும் உங்க வீட்டுல இல்லாம தங்கச்சி வீட்டுல.

*போனை ராத்திரி பூரா சார்ஜ்ல போடலாமா?* போடலாம், நிறைஞ்சதும் அதுவே நிறுத்திக்கும். தலையணைக்கு அடியில மட்டும் வைக்காதீங்க, அம்பது ரூபாய் சார்ஜரும் வாங்காதீங்க.